பாட்டை நிறுத்துகிற கை

என் தம்பியின் படத்துக்கு டெல்லி விருது என்று தொலைக்காட்சியில் சொன்னதும், எங்கள் அப்பா நிதானமாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "சரிதான். இந்த வருஷம் நம்ம பக்கத்துக்கு முறை போலருக்கு."

தம்பி அப்போது வாய் நிறையச் சர்க்கரையோடு நின்றுகொண்டிருந்தான். வீட்டில் இனிப்பு எதுவும் இல்லாததால் அம்மா டப்பாவைத் திறந்து ஒரு கை சர்க்கரையை அள்ளி அவன் வாயில் போட்டிருந்தாள். விழுங்கவும் முடியாமல் பதில் சொல்லவும் முடியாமல் அவன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு அக்கா. தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவனுக்காக அப்பாவோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழகிய வேலை. ஆனால் அன்றைக்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா சொன்ன 'முறை' என்னவென்று சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் வருஷங்களில் முறை வைத்துத்தான் விடுவார்கள். சில நாள் மேலே இருக்கிற ஊர்களுக்கு, அப்புறம் சில நாள் எங்களுக்கு. மேலே இருக்கிறவர்களிடம் பேசி, கெஞ்சி, தேவைப்பட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தி, எங்கள் ஊர் முறையை வாங்கிக் கொடுக்கிற ஆள் அப்பாதான். இந்த வேலையைச் செய்து செய்து, உலகத்தில் எல்லாமே யாரோ எங்கேயோ முறை வைத்துத் திறந்துவிடுவதுதான் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். மழைக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார். அதிலும் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

தம்பி சர்க்கரையை விழுங்கிவிட்டு, "படம் நல்லாருக்குன்னு குடுத்திருக்காங்கப்பா" என்றான்.

"நல்லாருக்கறது வேற, முறை வேற. போன வருஷம் பக்கத்து ஸ்டேட்டுக்குப் போச்சு. அதுக்கு முந்தி வடக்க போச்சு. இப்ப இங்க தெறந்து விட்டிருக்காங்க. சந்தோஷமா வாங்கிக்க. இதுல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க என்ன இருக்கு?"

அவனுடைய படம் கோடியக்கரைப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றியது. அதில் அவள் நடப்பாள். உப்புக்கூடையைச் சுமந்துகொண்டு வரப்பு மேல் நடந்துகொண்டே இருப்பாள். மயிலாடுதுறையில் ஒரு தியேட்டரைக் காலைக் காட்சிக்குப் பேசி, சொந்தக்காரர்களுக்கு மட்டும் அவன் அதைப் போட்டுக் காட்டினான். அந்த அம்மாள் நடக்க ஆரம்பித்ததும் அப்பா தூங்கினார். இடைவேளை விளக்கில் விழித்தவர், படம் முடிந்துவிட்டது என்று நினைத்து டீக்கடைக்குப் போய்விட்டார். ஆக, விருது வாங்கிய படத்தை எங்கள் அப்பா பார்த்ததில்லை. அதனால் அவருடைய கருத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை.

ஊர் மட்டும் லேசா? எங்கள் டீக்கடையில் அந்தப் படத்தை ஒரு ஆள்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனால் விருது ஏன் கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேர்தல் வருகிறது, கடலோரத்து ஓட்டு வேண்டும், அதனால் உப்பளப் படத்துக்குக் கொடுத்தார்கள் என்றது ஒரு பெஞ்சு. படத்து அம்மாள் நெற்றி நிறைய விபூதி பூசியிருக்கிறாள், டெல்லிக்காரர்கள் அதில் விழுந்துவிட்டார்கள் என்றது எதிர் பெஞ்சு. கிடையவே கிடையாது, அவள் முதலாளியிடம் கூலி கேட்டுச் சண்டை போடுகிறாள், அதற்குக் கொடுக்காவிட்டால் பத்திரிகைக்காரர்கள் கிழித்துவிடுவார்கள் என்ற பயம் என்றார் டீ போடுகிறவர்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். எந்த ஆட்சி இருந்தாலும் அந்த ஆட்சியின் மனசு நோகாத படங்கள் முன்வரிசையில் போய் உட்காருவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு யாருடைய தம்பியாவது இந்த விருதை வாங்கியிருந்தால், அந்த டீக்கடையைவிட மோசமாக நான் பேசியிருப்பேன்.

தம்பியின் தொல்லை வேறு. விருது வாங்குகிறவர் தன்னோடு ஒரே ஒரு ஆளை விழாவுக்குக் கூட்டிவரலாம் என்று டெல்லியிலிருந்து சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் அப்பா உட்கார வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அப்பாவோ, "முறையில வந்ததுக்கு நான் எதுக்கு? யாரு போய் நின்னாலும் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டார். அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை, ரேஷன் கடையில் அரிசி வாங்குவதைப் பற்றிப் பேசுவது மாதிரி சொன்னார். தம்பிக்கு அதுதான் உறைத்தது. அவனுக்கு வேண்டியிருந்தது டெல்லிப் பயணம் இல்லை. இது உன் படத்துக்காகக் கிடைத்ததுதான் என்று அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை.

"அப்பா எல்லாத்தையும் மியூசிக்கல் சேர்னு நெனச்சுக்கிட்டு இருக்காருக்கா" என்றான் என்னிடம்.

காணும் பொங்கல் அன்று எங்கள் ஊர்த் திடலில் பெண்களுக்கு மியூசிக்கல் சேர் நடக்கும். நோட்டீசில் இசை நாற்காலி என்று அச்சடிப்பார்கள், யாரும் அப்படிச் சொல்வதில்லை. முதல் பரிசு எவர்சில்வர் அண்டா. பாட்டைப் போட்டு நிறுத்துகிற பொறுப்பு வருஷா வருஷம் அப்பாவுக்கு. நியாயத்துக்காக அவர் நாற்காலி வட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குளத்தைப் பார்த்து நிற்பார். பார்க்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் பக்கத்திலேயே உரக்கடைக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆகா, தெக்குத் தெரு அக்கா சேருக்கு நேரா வர்றாங்க, பச்சச் சேல அண்ணி பின்னால வர்றாங்க" என்று ஓயாமல் வர்ணித்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்குக் கண் எதற்கு? காது போதும். எந்தத் தெருவுக்கு முறையோ அந்தத் தெருப் பெண்மணி நாற்காலிக்கு நேரே வரும்போது பாட்டு நின்றுவிடும்.

இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் இதில் மனத்தாங்கல் இல்லை. வடக்குத் தெரு, தெற்குத் தெரு, மேலத் தெரு, கீழத் தெரு என்று அண்டா சுற்றி வரும். ஆற்றங்கரைத் தெருவை முதலில் யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஒரு வருஷம் அந்தத் தெருப் பையன்கள், எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பரிசு இல்லாத திடலுக்கு நாங்கள் ஏன் பந்தல் போட வேண்டும் என்று கேட்டுவிட்டு, மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்பாதான் ஊரோடு மாரடித்து அவர்களையும் முறைக்குள் கொண்டுவந்தார். அதில் அவருக்கு இன்றைக்கும் பெருமை. "ஓடறவளுக்குத்தான் பரிசுன்னு விட்டிருந்தா, அந்தத் தெருக்காரி பறந்து வந்திருந்தாலும் கைல குடுத்திருக்க மாட்டானுங்க" என்பார். அதற்கு எங்களிடம் பதில் கிடையாது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் முறை வந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு. பாட்டை நிறுத்துகிறவர் பெண்டாட்டி ஜெயித்தால் ஊர் என்ன பேசும்? அம்மா வருஷம் தவறாமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவாள். வருஷம் தவறாமல் முதல் சுற்றிலேயே வெளியே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்பாள். "இவன் பொறந்ததுலேருந்து என் காலு பழைய காலு இல்ல" என்று தம்பியின் தலையில் தட்டுவாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் தம்பிக்கு ஆவேசம் வந்துவிட்டது. விருது வாங்கியவன் என்று ஊர்க்காரர்கள் அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் நேரே அப்பாவிடம் வந்தான்.

"இந்த வருஷம் பாட்ட நான் நிறுத்தறேம்ப்பா. முறை கெடையாது, தெரு கெடையாது. யாரு உக்கார்றாங்களோ அவங்களுக்கு அண்டா. அப்படியும் ஒரு பரிசு குடுக்க முடியும்னு காட்டறேன்."

அப்பா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "காட்டு. ஊரு அத ஒத்துக்கிச்சுன்னா ஒன் அவார்டையும் நான் ஒத்துக்கறேன். கோட்டு தெச்சுப் போட்டுக்கிட்டு டெல்லிக்கு வர்றேன், போதுமா?"

"போதும்" என்றான் தம்பி. அப்போதே ஜெயித்துவிட்டவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

அவன் செய்த ஏற்பாடுகளைப் பார்த்தால் படத்துக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டிருப்பானா என்று தோன்றும். முதலில் உரக்கடைக்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினான். அந்த மனிதர் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாள் முழுக்கத் திண்டாடினார். அடுத்து, திடலை ஒட்டி இருக்கிற பழைய நூலகக் கட்டடத்துக்குள் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோய் வைத்தான். ஒரே அறை. ஜன்னலுக்குச் சாக்கு கட்டினான். பாட்டை நிறுத்துகிறவர் உள்ளே, ஓடுகிறவர்கள் வெளியே. ஒருவரை ஒருவர் பார்க்க வழியே கிடையாது. வெளியே நாற்காலியை எடுக்கிற வேலை மைக்செட்காரருக்கு. ஒரு நாற்காலி குறைந்ததும் அவர் கதவில் ஒரு தட்டுத் தட்டுவார், அடுத்த பாட்டு வரும்.

"நானும் உள்ள உக்காருவேன். நீ சாக்க வெலக்கிப் பாக்கலன்னு யாரு சாட்சி?" என்றார் அப்பா.

அது நியாயமாகத்தான் பட்டது. அப்பாவும் மகனும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

அந்த வருஷம் தெற்குத் தெருவுக்கு முறை. அந்தத் தெருவில் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி, கல்லூரியில் ஓட்டப்பந்தயத்தில் மெடல் வாங்கியவள், நின்ற இடத்திலேயே குதித்துக் காலைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் பரணில் அண்டாவுக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கிவிட்டதாகக் கேள்வி. அம்மா வழக்கம் போல என்னிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு, "முறுக்க எடுத்து வையி, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாட்டு நின்றது. அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளே அதை நம்பாமல் கீழே குனிந்து நாற்காலியைப் பார்த்தாள். அடுத்த பாட்டும் நின்றது. அப்போதும் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது சுற்றில் அவள் முகம் மாறிவிட்டது. எங்கள் அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையை நாற்காலி முதுகுகளின் மேல் லேசாக ஓட்டிக்கொண்டு, கோழி பிடிக்கப் போகிறவள் மாதிரி பதுங்கிப் பதுங்கிச் சுற்றினாள். கடைசியில் ஒரே ஒரு சிவப்பு நாற்காலி. ஒரு பக்கம் மெடல் வாங்கிய மருமகள், இன்னொரு பக்கம் அம்மா. நான் செருப்பை மார்போடு கட்டிக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பாட்டு நின்ற நொடியில் அந்தப் பெண் பாய்ந்தாள், அவள் உட்கார்ந்தது அம்மாவின் மடியில்.

திடலே எழுந்து கைதட்டும் என்று நினைத்தேன். யாரும் தட்டவில்லை. எல்லாருடைய கண்ணும் நூலகக் கதவின் மேல் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு அப்பாவும் தம்பியும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நாற்காலியில் யார் என்று பார்த்ததும் இரண்டு பேருமே அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பேஷ்! மகனுக்கு அவார்டு, அம்மாவுக்கு அண்டா. ராசியான குடும்பம்பா" என்றது ஒரு குரல்.

"கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து பேசி முடிச்சுட்டாங்க. டெல்லிலயும் இப்புடித்தான்" என்றது இன்னொன்று.

உரக்கடைக்காரர் மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும்படி, "நான் இருந்தப்ப வெளிப்படையா நடந்துச்சு" என்றார்.

தம்பி சத்தியம் செய்தான். சாக்கைக் காட்டினான். ஜன்னலைக் காட்டினான். எதைக் காட்டினானோ அதெல்லாம் அவனுக்கு எதிராகவே திரும்பியது. அத்தனை இறுக்கமாகச் சாக்குக் கட்டியிருக்கிறான் என்றால் உள்ளே மறைக்க என்னவோ இருந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். தெற்குத் தெருக்காரர்கள் எழுந்து போனார்கள். அண்டாவை அம்மா கையில் கொடுக்கும்போது போட்டோ எடுக்கக்கூட ஒருவர் முன்வரவில்லை, நான்தான் எடுத்தேன். அதில் அம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்டாவைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள். பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"நெசமா சொல்லு. என்னப் பாத்துத்தானே நிறுத்துன?"

"இல்லம்மா. சத்தியமா பாக்கல."

"சும்மா சொல்லாத. நானெல்லாம் எங்கேருந்து ஜெயிக்கப் போறேன்? அந்தப் பொண்ணு மெடலு வாங்குன பொண்ணு."

தம்பியின் கண் கலங்கிவிட்டது. விருது அறிவித்த நாளிலிருந்து அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது என்று எனக்குத் தெரியும். "தோத்துட்டேம்ப்பா. ஊரு ஒத்துக்கல. நீங்க டெல்லிக்கு வர வேணாம்" என்றான்.

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரு ஒத்துக்கல. ஆனா நான் ஒத்துக்கறேன். இவ ஓடித்தான் ஜெயிச்சா."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? நீங்களும் உள்ளதானே இருந்தீங்க?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? வருஷா வருஷம் ஒன்ன மொத சுத்துலயே வெளில அனுப்ப நான் படாத பாடா? எங்க நிறுத்துனாலும் போய் உக்காந்துருவ போலருக்கும். அந்த உரக்கடைக்காரன் ஒன் பேரச் சொன்னாலே எனக்கு வேர்த்துக் கொட்டும்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது.

அம்மா மெதுவாக எழுந்தாள். "அப்ப என் காலுல ஒரு கொறையும் இல்ல?"

அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத்தன வருஷமா நான் வேகமில்லாதவள்னு நெனச்சு முறுக்குத் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊரு பேசும்னு எல்லாத் தெருவுக்கும் முறை வெச்சீங்க. எனக்கு எந்த வருஷம் வெச்சீங்க?"

முறைதான் நியாயம் என்ற அப்பாவின் வாதத்துக்குப் பதில் இல்லை என்று அவ்வளவு நாள் நானும் தம்பியும் நினைத்துக்கொண்டிருந்தோமே, எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை. முறைக்குள் எங்கள் வீட்டையே சேர்த்து எண்ண மறந்திருந்தோம். அப்பாவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, அவர் அப்படி விழித்துக்கொண்டு நின்றார்.

சமாதானத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி ஏதாவது விட்டுக்கொடுப்பது. "சரி விடு. நான் பேசுனபடி டெல்லிக்குப் போறேன். நாளைக்கே கோட்டுக்கு அளவு குடுத்தர்றேன்" என்றார்.

"நீங்க ஒண்ணும் போக வேணாம்" என்றாள் அம்மா. "அங்க ஒரு நாற்காலிதானே இருக்கு? அதுல நான் உக்கார்றேன். நீங்க இங்க இருந்து பாட்ட நிறுத்திக்கிட்டு இருங்க."

பங்குனியில் அம்மாவும் தம்பியும் டெல்லிக்கு ரயிலேறினார்கள். அப்பாவுக்குத் துணையாக நான் ஊருக்கு வந்திருந்தேன். வண்டி கிளம்பிப்போன மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் அவர் என் லேப்டாப்பைக் கண்ணால் காட்டி, "அந்தப் படம் அதுல இருக்கா?" என்றார். போட்டுக் கொடுத்தேன். உப்பளத்து அம்மாள் நடக்க ஆரம்பித்தாள். அப்பா தூங்கவில்லை. ஒருமுறை மட்டும், "கூடைய எறக்கி வெச்சுட்டு ஒக்காரேம்மா" என்று அவளிடம் சொன்னார். இடைவேளையில் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் லேப்டாப் திரையைத் துண்டால் துடைத்தார். அழுதது அவர், துடைத்தது திரையை.

"போன் போட்டுக் குடு" என்றார். அம்மாதான் எடுத்தாள்.

"படம் பாத்தேன். நல்ல படம். முறைக்குக் குடுத்ததில்லன்னு அவன்கிட்ட சொல்லு."

"முழுசாப் பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"பாத்தேன்."

"ஒங்க பொண்ணு பக்கத்துல உக்காந்து கமெண்ட்ரி குடுத்தாளா?"

"இல்ல. நானேதான் பாத்தேன்."

"அப்ப அவன்கிட்டயே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."

போன் கைமாறியது. அப்பா அதே வார்த்தைகளைத் திரும்பவும் சொன்னார், கொஞ்சம் சத்தமாக, வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனிடம் சொல்வது மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் ரயில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "சரிப்பா" என்று கேட்டது.

விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். தம்பி பெயரைக் கூப்பிட்டார்கள், இசை ஒலித்தது. அவன் மேடை ஏறி விருதை வாங்கியதும் இசை நின்றது. கேமரா ஒரு நொடி கூட்டத்தைக் காட்டியது. அவனுடைய வரிசையில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் நிக்கறாங்க, அம்மா ஏன் எந்திரிக்கல?" என்றேன்.

"பாட்டு நின்னுருச்சுல்ல" என்றார் அப்பா. "இனிமே எந்திரிக்க மாட்டா."